பாயிண்ட் ஏறுது, பரீட்சைப் படிப்பு நகரல: பழக்கங்களை கேமா மாத்தினவங்க யாராவது இருக்கீங்களா?

அரைப்பக்கம் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

வேலைக்காக ஒரு சான்றிதழ் பரீட்சை எழுதணும், ரெண்டு வருஷமா தள்ளிட்டே வர்றேன். அதோட காலைல நடக்கணும், கிட்டார் பழகணும், ராத்திரி போனை கட்டில் பக்கத்துல வெச்சுக்காம தூங்கணும்னு ஒரு குவியல் ஆசை. எனக்கு சின்ன வயசுல இருந்தே கேம்னா உயிர், ஒரு லெவல் தாண்டறதுக்கு ராத்திரி முழுக்க உக்காந்திருக்கேன், அந்த வேகத்துல பாதி இந்த வேலைகள்ல இருந்தா போதுமேன்னு நினைச்சு கூகுள் ஷீட்ல நானே ஒரு பாயிண்ட் ஆட்டம் போட்டேன்.

நடந்தா 10, ஒரு மணி நேரம் பரீட்சைக்குப் படிச்சா 20, கிட்டார் 15 நிமிஷத்துக்கு 8, கதைப் புத்தகம் பத்து பக்கத்துக்கு 5, போனை தள்ளி வெச்சா 5, நாள் முழுக்க ஒழுங்கா தண்ணி குடிச்சா 4, மேசையை ஒதுக்கினா 3, எழுந்ததும் படுக்கையை மடிச்சா 2, இப்படி மொத்தம் 17 விஷயம். 100 பாயிண்டுக்கு ஒரு லெவல். 1000 சேர்ந்தா நான் ரொம்ப நாளா பாத்து வெச்சிருக்கற ஹெட்போன்.

முதல் மூணு வாரம் பறந்தேன். 640 பாயிண்ட், ஆறாவது லெவல். அப்போ ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து கணக்குப் பாத்தா, அந்த 640ல பரீட்சைப் படிப்பால வந்தது வெறும் 60. மூணு வாரத்துல மூணே மணி நேரம்! பாக்கி எல்லாம் தண்ணி, மேசை, படுக்கைன்னு சின்னச் சின்னதா சேர்ந்தது. இது சரியில்லன்னு நாலாவது வாரம் கடுமையாக்கினேன், நடக்கலன்னா மைனஸ் 10, படிக்கலன்னா மைனஸ் 20. அந்த வாரமே காய்ச்சல் வந்து நாலு நாள் படுத்துட்டேன். 120 பாயிண்ட் போச்சு, ஆறாவது லெவல்ல இருந்து அஞ்சுக்கு இறங்கிட்டேன். 120 சேர்க்க எனக்கு நாலு நாள் ஆகும், அதைப் பாத்த அன்னிக்கு ஷீட்டை மூடினவன்தான், ரெண்டு மாசம் ஆச்சு, இன்னும் திறக்கல.

இன்னொண்ணும் இருக்கு, அதான் எனக்கு நிஜமா வருத்தம். கதை படிக்கறது நான் எப்பவும் ஆசையா செய்யறது, அதுக்கு பாயிண்ட் வெச்சதுல இருந்து பக்கத்தை எண்ணி எண்ணி படிக்க ஆரம்பிச்சிட்டேன், பத்து பக்கம் ஆனதும் மூடிடறேன். இப்போ பாயிண்டும் இல்ல, படிக்கறதும் இல்ல.

நடுவுல பழக்கங்களை கேமா மாத்தற ஹாபிட்டிகா ஆப்பும் போட்டுப் பாத்தேன், அதுலயும் ஆட்டத்துல இருக்கற ஆர்வம் வேலைல வரல. என் அமைப்புதான் தப்பா, இல்ல இந்த பாயிண்ட் முறையே எனக்கு ஒத்துவராதா? செஞ்சு பாத்து நிலைச்சவங்க சொன்னா ரொம்ப நன்றி.

நிதானி

சகோ, உங்க ஷீட் அதோட வேலையை நல்லாவே செஞ்சிருக்கு, எங்க பாயிண்ட் மலிவா கிடைச்சுதோ மனசு அங்க போயிருக்கு. கணக்குப் பாருங்க, படுக்கையும் மேசையும் சேர்ந்து 5 பாயிண்ட், ரெண்டும் நாலு நிமிஷ வேலை, அதாவது ஒரு பாயிண்டுக்கு ஒரு நிமிஷம் கூட ஆகல. பரீட்சைப் படிப்புல ஒரு பாயிண்டுக்கு 3 நிமிஷம், அதுவும் முழு ஒரு மணி நேரம் உக்காந்தாதான், 50 நிமிஷத்துல எழுந்தா பூஜ்யம். இந்த விலைப்பட்டியல்ல யாரா இருந்தாலும் மேசையைத்தான் துடைப்பாங்க.

பொருளாதார நிபுணர் சார்லஸ் குட்ஹார்ட் 1975ல பணக் கொள்கையைப் பத்தி எழுதினப்போ சொன்ன ஒரு விஷயம் இப்போ அவர் பேர்லயே விதியா சுத்துது. ஒரு அளவையே நாம இலக்கா வெச்சுட்டா அப்பறம் அது நல்ல அளவா இருக்காது. நாடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் சொல்றாங்க, ஆனா ஒத்தை ஆள் ஷீட்டுக்கும் இது அப்படியே பொருந்துது, ஏன்னா விதி போடறதும் நீங்க, அதுல சந்து கண்டுபிடிக்கறதும் நீங்க.

நான் என் ஆய்வேடு எழுதினப்போ இதே தப்பு பண்ணேன். ஒரு அத்தியாயம் முடிச்சா 50னு வெச்சேன், நாலு மாசம் ஒரு பாயிண்ட் கூட வரல. அப்பறம் ஒரு நாள் உக்காந்து யோசிச்சப்போ எனக்குப் புரிஞ்சது, எழுதறது எனக்குக் கஷ்டமே இல்ல, பைலைத் திறக்கறதுதான் கஷ்டம், திறந்துட்டா ஒரு மணி நேரம் தானா ஓடிடும். அதனால விலையை அங்க மாத்தி வெச்சேன். காலைல வேற எதையும் தொடறதுக்கு முன்னாடி பைலைத் திறந்து ஒரே ஒரு வாக்கியம் எழுதினா முழுசா 10 பாயிண்ட், அதுக்கு மேல எவ்வளவு எழுதினாலும் பாயிண்ட் கிடையாது. முதல் வாரத்துல ரெண்டு நாள் நிஜமாவே ஒரு வாக்கியத்தோட எழுந்தேன், அதுக்கும் தயங்காம 10 போட்டுக்கிட்டேன். பாக்கி நாள் எல்லாம் பக்கம் பக்கமா வந்துச்சு.

வேலை எவ்வளவு முக்கியம், எவ்வளவு நேரம் பிடிக்கும்னு பாத்து பாயிண்ட் வெக்காதீங்க, ஆரம்பிக்க மனசு எவ்வளவு மல்லுக்கட்டுதுன்னு பாத்து வைங்க. படுக்கை மடிக்க உங்க மனசு மல்லுக்கட்டவே இல்ல, அதுக்கு எதுக்கு பாயிண்ட்? 17ஐ மூணாக்குங்க. பரீட்சைப் புத்தகத்தைத் திறந்து பத்து நிமிஷம், அது நடந்தாதான் அன்னிக்கு மத்த ரெண்டுக்கும் பாயிண்ட் கணக்கு தொடங்கும்னு ஒரு பூட்டு போடுங்க. எனக்கு இந்தப் பூட்டுதான் ரொம்ப உதவிச்சு.

மாடிப்படி

நிதானி சொன்னதை முழுசா ஒத்துக்கறேன். நான் கதை படிக்கற விஷயத்துக்கு மட்டும் வர்றேன், அதைப் படிச்சதும் எனக்கு மனசு கேக்கல.

அதை இன்னிக்கே ஷீட்ல இருந்து எடுத்துடுங்க, தயவு செஞ்சு. உங்களுக்கு நடந்தது புதுசில்ல. 1973ல லெப்பர், கிரீன், நிஸ்பெட்னு மூணு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் மழலையர் பள்ளிக் குழந்தைங்ககிட்ட ஒரு ஆய்வு செஞ்சாங்க. மார்க்கர்ல வரையறதுல ஏற்கனவே ஆசை இருக்கற குழந்தைங்களா பாத்து எடுத்துக்கிட்டாங்க. ஒரு குழுகிட்ட வரைஞ்சா பரிசுச் சான்றிதழ் தருவோம்னு முதல்லயே சொன்னாங்க, இன்னொரு குழுவுக்கு சொல்லாம வரைஞ்சு முடிச்சப்பறம் குடுத்தாங்க, மூணாவது குழுவுக்கு ஒண்ணும் கிடையாது. கொஞ்ச நாள் கழிச்சு சும்மா விளையாடற நேரத்துல மார்க்கரை வெச்சுட்டு யார் என்ன பண்றாங்கன்னு கவனிச்சா, பரிசுக்காக வரைஞ்ச குழந்தைங்க மத்தவங்கள்ல பாதி நேரம்தான் வரைஞ்சாங்க. சொல்லாம பரிசு வாங்கின குழந்தைங்களுக்கு ஆசை குறையல. ஆக பரிசு மட்டும் காரணமில்ல, இதுக்காகத்தான் இதை செய்யறேங்கற அந்த ஒப்பந்தம்தான் ஆசையைத் தின்னுடுது.

அதுக்காக பாயிண்டே கெடுதல்னு நான் சொல்ல மாட்டேன், நிறைய பேர் இந்த ஒரு ஆய்வோட நின்னுடறாங்க. 1999ல டெசி, கோஸ்ட்னர், ரையன்னு இன்னும் மூணு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் 128 ஆய்வுகளை சேர்த்துப் பாத்தாங்க. ஏற்கனவே பிடிச்ச வேலைலதான் பரிசு ஆசையைக் குறைக்குது, பிடிக்காத சலிப்பான வேலைல அந்த சேதம் தெரியலன்னு வந்துச்சு. உங்க பட்டியலை அந்தக் கண்ணோட பாருங்க. பரீட்சைப் பாடம் சலிப்பு, அங்க பாயிண்ட் இருக்கலாம். கதை ஆசை, அங்க வேண்டாம். கிட்டார் எப்படின்னு நீங்கதான் சொல்லணும்.

படிக்கற ஆசை திரும்ப வருமான்னு கேட்டா, எனக்கு வந்துச்சு, ஒரு ஆறேழு வாரம் ஆச்சு. பக்க எண் தெரியாம இருக்கறதுக்காக கொஞ்ச நாள் நாவலை விட்டுட்டு ஏற்கனவே படிச்சு ரசிச்ச பழைய புத்தகங்களை நடுவுல இருந்து எங்கயாவது பிரிச்சு படிச்சேன். அவசரப்படாதீங்க.

கோடுபோடு

ஆப், ஷீட் எதுவுமே வேண்டாம் நண்பா. ஒரு காலண்டர், ஒரு பேனா, செஞ்ச நாளுக்கு ஒரு கோடு, ஒரு நேரத்துல ஒரே ஒரு பழக்கம். அமெரிக்காவை உருவாக்கின தலைவர்கள்ல ஒருத்தரான பெஞ்சமின் பிராங்க்ளின் 13 நற்குணம்னு பட்டியல் போட்டு, சின்ன நோட்டுல கட்டம் கட்டி, தப்பின நாளுக்கு ஒரு புள்ளி வெச்சுட்டு வந்தார். பதிமூணையும் ஒரே நாள்ல பிடிக்கல பாருங்க, வாரத்துக்கு ஒண்ணுல மட்டும் முழு கவனம் வெச்சார், 13 வாரம் ஒரு சுத்து, வருஷத்துக்கு நாலு சுத்து. அவருக்கே ஒரு நேரத்துல ஒண்ணுன்னா நமக்கு 17 எதுக்கு?

வானம்பாடி

@கோடுபோடு, ஒண்ணு மட்டும் எடுக்கணும்னு சொன்னீங்களே அது நூத்துக்கு நூறு சரி. ஆனா தப்பின நாளுக்குப் புள்ளி வெக்கறது எல்லாருக்கும் ஒத்துவராது, இவருக்கு அதுலதான் அடி விழுந்திருக்கு.

அரைப்பக்கம், நீங்க காய்ச்சல்ல படுத்தப்போ போனது 120 பாயிண்ட் மட்டும் இல்ல. கானமன், ட்வெர்ஸ்கின்னு ரெண்டு உளவியல் நிபுணர்கள் 1979ல எழுதினதுல இருந்து இது பேசப்படுது, ஒரு பொருள் கிடைச்ச சந்தோஷத்தைவிட அதே பொருள் கைவிட்டுப் போன வலி பெருசா தெரியும். லெவல் இறங்கறது அந்த வலியை இன்னும் கூட்டிடும். அப்பறம் பொலிவி, ஹெர்மன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் உணவுக் கட்டுப்பாட்டுல இருக்கறவங்ககிட்ட கவனிச்ச ஒரு நடத்தை இருக்கு, ஒரு வேளை கட்டுப்பாடு உடைஞ்சதும் இனி என்ன ஆனா என்னன்னு அன்னிக்கு முழுசும் விட்டுடுவாங்க. ஷீட்டை மூடி ரெண்டு மாசம் திறக்காம இருக்கீங்களே, அது இதே மாதிரிதான். சோம்பேறித்தனம்னு நினைச்சு உங்களையே திட்டிக்காதீங்க.

உண்மைல ஒரு நாள் தப்பறதால பழக்கத்துக்கு பெரிய நஷ்டம் இல்ல. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரில பிலிப்பா லாலி குழு 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்து 2010ல வெளியிட்ட ஆய்வு இருக்கு. ஒரு செயல் யோசிக்காம தானா நடக்கற அளவுக்கு வர எடுத்த காலம் நடுவாந்திரமா 66 நாள், ஆனா ஆளுக்கு ஆள் 18ல இருந்து 254 வரைக்கும் வித்தியாசம் (12 வாரத்தைத் தாண்டினது கணக்குப் போட்டு மதிப்பிட்டது). நடுவுல ஒரு நாள் விட்டது அந்த வளர்ச்சியை பெருசா பாதிக்கல. 21 நாள்ல பழக்கம் வந்துடும்னு எல்லாரும் சொல்லிட்டு இருக்கறதை நம்பி மூணு வாரத்துல உங்களை அளந்துக்கிட்டீங்களோன்னு எனக்குத் தோணுது.

அதனால மைனஸைத் தூக்கிடுங்க. வேணும்னா மாசத்துக்கு நாலு லீவு சீட்டு உங்களுக்கே குடுத்துக்கோங்க, உடம்பு சரியில்லன்னா மொத்த ஆட்டத்தையும் நிறுத்தி வைங்க. நீங்க போட்டுப் பாத்த ஹாபிட்டிகாலயே வேலையை விட்டா உயிர் குறையற சேதத்தை நிறுத்தி வெக்கற வசதி இருக்கு, மொழி கத்துக்கற ஆப்பான டுயோலிங்கோல ஒரு நாள் விட்டாலும் தினசரித் தொடர் அறுந்துபோகாம காக்கற உறைவு வசதி இருக்கு. கோடிக்கணக்கான பேர் ஆடற ஆட்டத்துலயே மனுஷனுக்கு ஓய்வு வேணும்னு இடம் விட்டிருக்கும்போது நீங்களே கட்டின ஆட்டத்துல அது இல்லாம போகலாமா.

மூணாம்லெவல்

மைனஸ் விஷயத்துல நான் வானம்பாடி அக்காகூட கொஞ்சம் மாறுபடறேன். எனக்கு நஷ்டம் இல்லாத ஆட்டம் ஓடவே இல்ல. ஆனா அந்த நஷ்டம் எனக்கு மட்டும் இருந்தப்போ ஓடல, நண்பர்கள் ரெண்டு பேர் சேர்ந்தப்பறம்தான் ஓடிச்சு. ஹாபிட்டிகால குழுவா ஒரு அரக்கனோட சண்டைக்குப் போகலாம், அன்னன்னிக்கு செய்ய வேண்டியதை நான் விட்டா அரக்கன் என்னை மட்டும் அடிக்க மாட்டான், மூணு பேரையும் அடிப்பான். ஆட்டத்துல என் உயிர் போனா பரவால்லன்னு விடற நான், நண்பனோட உயிர் குறையுதுன்னா ராத்திரி பதினோரு மணிக்கும் எழுந்து உக்காந்து ஒரு பக்கம் படிச்சிருக்கேன். எட்டு மாசம் அப்படி ஓடிச்சு. அதுல ஒருத்தனுக்கு வேலை மாறி, நேரம் கிடைக்காம, தினமும் அவனால எங்களுக்கு அடி விழுதேன்னு கூச்சப்பட்டு விலகிட்டான், அது எங்க நட்புலயே கொஞ்சம் உறுத்திச்சு. அதனால குழுவா ஆடினா முதல் நாளே பேசிக்கோங்க, முடியாதவங்க எப்போ வேணாலும் ஓய்வு எடுக்கலாம், காரணம் கேக்கக்கூடாதுன்னு. ஹாபிட்டிகால முன்னாடி இருந்த பொது அரட்டைக் கூடமும் கில்டுகளும் (ஒரே ஆர்வம் இருக்கறவங்க சேர்ற பெரிய குழுக்கள்) 2023ல எடுத்துட்டாங்க, இப்போ சின்னக் குழுதான் வழி.

குலுக்கல்சீட்டு

பரிசைப் பத்தி யாரும் பேசல, அதனால நான். 1000 பாயிண்டுக்கு ஹெட்போன்ங்கறது ரொம்ப தூரம், உங்க வேகத்துல 33 நாள். அதுவரைக்கும் கைக்கு ஒண்ணும் வராது. இலக்கு பக்கத்துல வர வர வேகம் கூடும்ங்கறது எலிகளை வெச்சு கிளார்க் ஹல்னு ஒரு உளவியல் நிபுணர் 1930கள்லயே காட்டினது. 2006ல நூனெஸ், ட்ரெஸ்னு ரெண்டு பேர் கார் கழுவற இடத்துல 300 பேருக்கு முத்திரை அட்டை குடுத்துப் பாத்தாங்க, ஒரு தடவை கழுவினா ஒரு முத்திரை, அட்டை நிறைஞ்சா ஒரு கழுவல் இலவசம். பாதி பேருக்கு எட்டு முத்திரை வேணும், அட்டை காலி. மீதி பேருக்கு பத்து வேணும், ஆனா ரெண்டு முன்னாடியே குத்தியிருக்கும். ரெண்டு பக்கமும் கழுவ வேண்டியது எட்டு தடவைதான், ஆனா காலி அட்டைல 19 சதவீதம் பேர் முடிச்சாங்க, ரெண்டு குத்தின அட்டைல 34 சதவீதம். அதனால நீங்க திரும்ப ஆரம்பிக்கறப்போ பூஜ்யத்துல ஆரம்பிக்காதீங்க, அந்த 520ஐயும் தூக்கிப் போடாதீங்க, அது நீங்க சம்பாதிச்சது.

நான் செய்யறது இதான். ஒரு டப்பால 40 சீட்டு. இருபதுல வெறும் சபாஷ்னு மட்டும் எழுதியிருக்கும். பதினஞ்சுல சின்னச் சின்ன சந்தோஷம், இன்னிக்கு ஒரு எபிசோட், அரை மணி நேரம் கேம், வெளிய சும்மா ஒரு சுத்து. நாலுல கொஞ்சம் பெருசு, ஒரு மதியம் முழுக்க எனக்கே எனக்கு. ஒரே ஒரு சீட்டுல நான் ஆசைப்படற பெரிய பொருள். அன்னிக்கு முக்கிய வேலையைத் தொடங்கினா ஒரு சீட்டு எடுக்கலாம், எடுத்த சீட்டைத் திரும்ப உள்ள போட்டுடுவேன். இது நானா யோசிச்சது இல்ல, நான்சி பெட்ரின்னு ஒரு உளவியல் நிபுணர் போதைப் பழக்கத்துல இருந்து மீள்றவங்களுக்காக கொண்டு வந்த முறை, அங்க 500 சீட்டுல பாதி வெறும் பாராட்டு, ஒண்ணே ஒண்ணு பெரிய பரிசு. எதிர்பாக்காம கிடைக்கறப்போ மூளைல டோபமைன்ங்கற ரசாயனம் அதிகமா துள்ளுதுன்னு வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ்னு ஒரு நரம்பியல் ஆராய்ச்சியாளர் குரங்குகள்ல அளந்து காட்டினதும் இதோட சேர்த்துப் பாக்க வேண்டியது. எனக்கு அனுபவத்துல தெரிஞ்சது, சபாஷ் சீட்டு வந்தாலும் அந்தக் கைவிட்டு எடுக்கற நொடிக்காகவே புத்தகத்தைத் திறக்கறேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை. சீட்டுல எழுதின சந்தோஷத்தை மத்த நேரத்துல இலவசமா எடுத்துக்கிட்டா டப்பா செத்துடும். அதனால உங்களால நிஜமா காத்திருக்க முடியற விஷயத்தை மட்டும் எழுதுங்க, தூக்கம், ஓய்வு, நண்பர்களோட பேசறது இதையெல்லாம் பரிசா பூட்டி வெக்காதீங்க, அதெல்லாம் தினமும் வேணும். சூதாட்டப் பழக்கத்துல சிரமப்பட்டவங்க யாராவது இதைப் படிச்சா குலுக்கல் முறையே வேண்டாம், நேரடிப் பரிசு போதும்.

அரைப்பக்கம் (அஞ்சு வாரம் கழிச்சு)

எல்லாருக்கும் நன்றி, அப்போ உடனே பதில் போடாததுக்கு மன்னிச்சிடுங்க, செஞ்சு பாத்துட்டு வந்து எழுதணும்னு இருந்தேன்.

17ல இருந்து மூணாக்கினேன். பரீட்சைப் புத்தகம் பத்து நிமிஷம், நடை, போனை அடுத்த அறைல வெச்சுட்டு தூங்கறது. நிதானி சொன்ன பூட்டு அப்படியே இருக்கு. மைனஸ் கிடையாது, மாசத்துக்கு நாலு லீவு சீட்டு. பாயிண்ட் 520ல இருந்தே தொடர்ந்துச்சு, டப்பாவும் வெச்சேன், 40 சீட்டு. ஹெட்போன் அந்த ஒத்தைச் சீட்டுல இருக்கு, இன்னும் வரல.

35 நாள்ல 27 நாள் புத்தகத்தைத் திறந்திருக்கேன். அதுல ஆறு நாள் பத்து நிமிஷத்துல மூடிட்டேன், மத்த நாள் சராசரியா நாப்பது நிமிஷத்துக்கு மேல போயிருக்கு. ரெண்டாவது அத்தியாயத்துல நின்னவன் இப்போ ஏழாவதுல இருக்கேன், பரீட்சைக்கு தேதியும் பதிவு பண்ணிட்டேன். நடுவுல ரெண்டு நாள் தொடர்ந்து விட்டுப்போச்சு, பழைய மாதிரி வயித்தைக் கலக்கிச்சு, ஆனா மூணாவது நாள் சீட்டு எடுக்கணுமேன்னு திறந்துட்டேன்.

மாடிப்படி, கதைப் புத்தகத்தை எடுத்துட்டேன். முதல் மூணு வாரம் தொடவே தோணல, பயமா இருந்துச்சு. போன வாரம் பழைய சிறுகதைத் தொகுப்பு ஒண்ணை நடுவுல பிரிச்சேன், எத்தனை பக்கம்னு தெரியாது, நிமிர்ந்து பாத்தப்போ மணி பன்னெண்டரை. கிட்டாரையும் பட்டியல்ல சேர்க்கல, யோசிச்சுப் பாத்தா அதுவும் எனக்கு ஆசைதான்.

ஒரு சந்தேகம் மட்டும். நடை இப்போ தானா நடக்குது, காலைல செருப்பை மாட்டினப்பறம்தான் நடக்கப் போறோம்னே உறைக்குது. இதுக்கு இன்னும் பாயிண்ட் குடுத்துட்டே இருக்கலாமா?

நிதானி

ஏழாவது அத்தியாயமா! படிக்கறப்போ அவ்வளவு சந்தோஷமா இருக்கு சகோ.

நடையை எடுத்துடலாம், ஆனா ஒரேயடியா வேண்டாம். ரெண்டு வாரம் பாயிண்ட் போடாம வெறும் கோடு மட்டும் போட்டுட்டு வாங்க. கோடு குறையலன்னா பட்டியல்ல இருந்து தூக்கிடுங்க, குறைஞ்சா இன்னொரு மாசம் பாயிண்டோட வெச்சுக்கோங்க. காலியாகற இடத்துல உடனே புதுசு எதையும் சேர்க்காதீங்க, பரீட்சை முடியட்டும். எழுதிட்டு வந்து இங்கயே சொல்லுங்க, காத்திருக்கேன்.